ஓலையில் தாயின் பெயர்

"பெத்தவள் உயிரோட நிக்கிறன், ஓலையில அவளின்ர பேரோ? சனம் சிரிக்காதோ?"

றோசம்மாவின் தொண்டை கோயில் கந்தோர் அறையைத் தாண்டிக் கீரி ஊரின் கடற்கரைவரை போனது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்கூட எழும்பி வந்துவிட்டார்கள். நல்ல சண்டைக்குப் பூசையைவிடக் கூட்டம் சேரும்.

"சிரிச்சால் சிரிக்கட்டும், அக்கா," என்றாள் மாக்கிறட். "இருவது வருசம் அவளுக்குப் பேன் பாத்தது நான்."

தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழத் தொடங்கியபோது இந்தியாவுக்குப் போன வள்ளத்தில் இரண்டு பேருக்குத்தான் இடமிருந்தது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்திருந்த றோசம்மா, பக்கத்து வீட்டு மாக்கிறட்டின் கையில் ஆறு வயது அஞ்சலாவைப் பிடித்துக் கொடுத்தாள். "மூண்டு மாசத்தில வந்து கூட்டிப்போறன்" என்றாள். கைக்குழந்தை ஜெராட்டைத் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்து இந்திய அகதி முகாமிலிருந்து மாக்கிறட்டும் அஞ்சலாவும் திரும்பி வந்த ஆறாம் மாதமே அஞ்சலாவுக்குக் கலியாணம் பேசியாயிற்று. மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற கலியாண ஓலைக்கு, தாயின் பெயர் மாக்கிறட் என்று அஞ்சலாவே கொடுத்துவிட்டாள். அதுதான் சண்டை.

உபதேசியார் அருட்பிரகாசம் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். "இதில றோசம்மா எண்டுதான் கிடக்கு. இதில உள்ளதைத்தான் வாசிக்கலாம்."

வென்றவள் வாயை மூடியிருக்கலாம். றோசம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பையிலிருந்து, பெரிய மெழுகுதிரியோடு தான் நிற்கிற படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "பாருங்கோ! சமாதான காலத்தில வேளாங்கண்ணிக்குப் போய், இவளின்ர உயரத்துக்கு மெழுகுதிரி குடுத்தனான். பிள்ளையை மறந்தவளோ இப்பிடிச் செய்வாள்?"

மாக்கிறட்டின் பக்கத்தில் நின்ற அஞ்சலா படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"என்ர உயரம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

றோசம்மா படத்திலிருந்த மெழுகுதிரியைப் பார்த்தாள்.

"பிளேனில திருச்சிக்கு வந்துதானே போனீங்கள்?"

"ஓம்."

"எங்கட முகாம் எயாப்போட்டுக்குப் பக்கத்தில. நடந்து வாற தூரம்."

வந்திருக்கலாம். ஆனால் எயாப்போட்டிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போன பஸ்ஸில் ஊர்ச்சனம் முப்பது பேர் இருந்தார்கள். மகள் திருச்சியில் கன்னியாஸ்திரிமாரின் போடிங் பள்ளிக்கூடத்தில் தங்கி இங்கிலிஷ் படிக்கிறாள் என்று பதின்மூன்று வருடமாக அவர்களிடம் அளந்திருந்தாள் றோசம்மா. முகாம் வாசல் தெரிந்ததும் அவள்தான் குரலெடுத்துச் செபமாலை தொடங்கினாள். முப்பது பேரும் கூடச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது கந்தோர் யன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெக்கமாக் கிடந்தது," என்றாள். றோசம்மாவின் குரல் அவ்வளவு தாழ்ந்து கீரி கேட்டதில்லை. யன்னலில் நின்றவர்கள் கழுத்தை நீட்ட வேண்டியதாயிற்று. "என்ர பிள்ளை தகரக் கொட்டிலில கிடக்கிறாள் எண்டு சனம் பாத்திடும் எண்டு..."

அஞ்சலா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

றோசம்மா உபதேசியாரிடம் திரும்பினாள். "மாக்கிறட்டின்ர பேரை வாசியுங்கோ."

"புத்தகத்தில..."

"புத்தகத்தில நான் பெத்தது கிடக்கு. வளத்தது கிடக்கோ? முதல் அவளின்ர பேர். பிறகு சட்டத்துக்கு என்ர பேரையும் சொல்லுங்கோ."

அப்படியே மூன்று ஞாயிறும் வாசித்தார்கள். வழக்கமாக முன்வரிசையில் இருக்கிற றோசம்மா மூன்று ஞாயிறும் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

அஞ்சலா டிலோஜனைக் கட்டி நானாட்டானுக்குப் போனாள். மாக்கிறட்டும் தன் தகரப்பெட்டியோடு கூடப் போனாள். அடுத்த வருடம் ஜெராட் பேசாலையில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டான். றோசம்மாவை எந்த வீட்டிலும் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.