ஒரு காசளவு இரும்பு

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வோல்ட் மீட்டர் மட்டும் பன்னிரண்டு புள்ளி ஒன்றை விட்டு நகர மாட்டேன் என்றது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பேட்டரிப் பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவள் இரண்டு முனைகளையும் இன்னொரு முறை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். அதே பன்னிரண்டு புள்ளி ஒன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் லைன் பழுது பார்த்தவள் அவள். ஓய்வுபெற்ற அன்று கொடுத்த சுவர்க் கடிகாரம் எங்கே போயிற்றோ, இந்த மீட்டரை மட்டும் அலமாரியில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

வேன் இருவருக்கும் சொந்தம். ஆசை முழுக்க அவள் கணவருடையது. நாற்பது வருடம் ஊரார் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர், உள்ளே படுக்கையும் அடுப்பும் சின்ன ஃப்ரிட்ஜும் வைத்த இந்தப் பழைய வண்டியை வாங்கி வந்தார். வரும்போது சார்ஜெல்லாம் ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, சீட்டுக்கு அடியில், தகரத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலைமுடுக்கெல்லாம் கிளிப்பச்சை அடித்தார். பெண்ணுக்கு அலங்காரம் செய்யக்கூட இவ்வளவு நேரம் ஆகாது என்று அவள் கேலி செய்வதுண்டு.

நாளைக் காலை மகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு நாள் பயணம். மகளுக்கு ஒன்பதாம் மாதம். கணவருடைய இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும். அதற்கு ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும். அது ஓட, உள்ளே இருக்கும் சாமான்களுக்கென்று வைத்த இந்த இரண்டாவது பேட்டரியில் சார்ஜ் ஏற வேண்டும். ஏறவில்லை. மெக்கானிக் முதலில் பேட்டரியை மாற்றினான். அப்புறம் அதற்குச் சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டரை மாற்றினான். மூன்றாவது முறை வந்தவன், "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களேண்ணே, இதுல என்ன கோளாறு வரப்போகுது" என்று பெயிண்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

காலையில் மகள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "சாயங்காலம் வரைக்கும் பாரும்மா. சரியாகலைன்னா பஸ்ல வாங்க, மருந்த ஐஸ் பெட்டியில வச்சுக்கலாம். அந்த வண்டிய யாருக்காவது குடுத்துடச் சொல்லு அப்பாவ." பக்கத்து அறையில் அவர் காதில் விழுந்துவிட்டது. அப்போதிலிருந்து ஒரே தூரிகையை நாலு முறை கழுவிவிட்டார். பஸ்ஸில் போவதில் அவளுக்கு ஒரு கஷ்டமுமில்லை. ஆனால் ஒருமுறை பஸ்ஸில் ஏறிவிட்டால் இந்த மனிதர் அதற்கப்புறம் வேனைப் பற்றி வாயே திறக்க மாட்டார். கோபப்படவும் மாட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

"என்ஜின ஆஃப் பண்ணட்டுமா?" என்றார் முன்சீட்டிலிருந்து.

"ஓடட்டுங்க."

எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் லைன் போகிற வழியைத் தேடும்போது, அவள் அது திரும்பி வருகிற வழியைத் தேடுவாள். ஒரு நீள ஒயரை என்ஜின் இரும்பில் கவ்வவிட்டு, மறுமுனையை உள்ளே இழுத்து மீட்டரோடு சேர்த்தாள். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வைத்தாள். பதினாலு புள்ளி ஒன்று. ஆக, சார்ஜ் இங்கே வரை வந்து வாசலில் நிற்கிறது. அதே முனையை மைனஸுக்கு மாற்றினாள். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு காட்டியது. திரும்புகிற வழியில்தான் அடைப்பு.

டார்ச்சை எடுத்துக் கறுப்பு ஒயரின் பின்னாலேயே போனாள். வேனின் தரையில், ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. துரு மருந்துக்குக்கூட இல்லை. ஒயரின் முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே, இரண்டு பூச்சு கிளிப்பச்சை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் வீணாய்த் தண்டனை அனுபவித்திருந்தன.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. சத்தமில்லாமல் சுரண்டிவிட்டு, ஒயர் லூசாக இருந்தது என்று சொல்லிவிடலாமா? உப்புத்தாளைக் கையில் எடுத்தும் விட்டாள். ஆனால் தன் பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் தூக்கத்திலும் தெரிந்துகொள்கிற ஆள் அவர்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

முழங்கால் சொடக்குப் போட, பக்கத்தில் வந்து குனிந்தார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஒயரு வெறும் இரும்பத் தொடணும். நடுவுல உங்க பெயிண்ட் இருக்கு. அதத் தாண்டி கரன்ட் போகாது."

அவர் கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

"கெடுக்கலைங்க. வேற யாராவது அடிச்சிருந்தா இதுக்குள்ள உதிர்ந்துபோய் சார்ஜ் ஏறியிருக்கும்."

கேலியா, பாராட்டா என்று அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டும்தான் என்று தெரிந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார்.

"எவ்வளவு இடம் வேணும்?"

"ஒரு காசளவு."

உப்புத்தாளை அவரிடமே கொடுத்தாள். என்ஜினை நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, கோணல்மாணல் இல்லாமல் வட்டமாகவே சுரண்டினார். இரும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ஒயரை வைத்து முடுக்கிவிட்டு, மறுபடி என்ஜினைப் போட்டார். மீட்டர் பதின்மூன்றைத் தாண்டியது, பதின்மூன்றரை, பதினாலு. ஃப்ரிட்ஜ் முனக ஆரம்பித்தது. அவளுக்குச் சம்பளம் வாங்கிய முதல் நாள்கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

போன் அடித்தது. மகள்தான். "பஸ் டிக்கெட் போட்டுடட்டுமாம்மா?"

"வேண்டாம்டி. வாசல்ல வண்டி நிறுத்த எடம் மட்டும் ஒதுக்கி வை. பெரிய வண்டி."

பேசி முடித்துவிட்டு வந்து பார்த்தால், அவர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். கையில் மெல்லிய தூரிகை, பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா. மறுபடி அதன்மேலேயே பூசுகிறாரோ? கிட்டே போய்க் குனிந்தாள். போல்ட்டிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு சின்ன அம்புக்குறி. அதன்கீழ், நகக்கண் உயரத்தில், நிழல்கோடு போட்ட எழுத்துகள்: 'இங்கே பெயிண்ட் அடிக்கக் கூடாது. இப்படிக்கு, நிர்வாகம்.'

கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி மட்டும் பாக்கி. தூரிகையை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தார்.

"என்ஜின ஆஃப் பண்ணும்மா, கை ஆடுது."

அவள் மீட்டரைப் பார்த்தாள். பதினாலு புள்ளி ஒன்று.

"ஓடட்டுங்க," என்றாள்.