நேராக நின்ற தையல்

அந்தத் தோல்பைப் பட்டறையில் ஜன்னல் ஒன்றுதான். அதற்காக அக்காவும் தம்பியும் போட்ட சண்டைகளை எழுத உட்கார்ந்தால் உலகத்தில் காகிதம் தீர்ந்துவிடும். ஜன்னலோரம் அக்காவின் மிதி மெஷின். யானையை மடித்துக் கொடுத்தாலும் கடகடவென்று தைத்துத் தள்ளிவிடும். உள்ளே, பல்பு வெளிச்சத்தில், தம்பியின் மேஜை. அவனுக்குக் கைத்தையல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விட்டு இழுப்பான். தோலில் துளை போடும் குத்தூசியும் கையுமாகத் திரிவதால் அவன் பெயரே குத்தூசி என்றாகிவிட்டது. கல்யாண ஃபோட்டோவில்கூடச் சட்டைப்பையில் அதுதான் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"அக்கா, எனக்குக் கண்ணு போகுது. ஜன்னல விடு."

"உனக்கு மட்டுந்தான் கண்ணா? எனக்கென்ன ரெண்டு கோலிக்குண்டா?"

இந்த நேரம் பார்த்துக் குதிரை வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா வந்தாள். அவளுடைய பையைக் குதிரை மிதித்துச் சப்பையாக்கியிருந்தது. ஆளுக்கொரு பை தைப்பது, டாக்டரம்மா எடுக்கிற பை யாருடையதோ அவருக்கே ஜன்னல் என்று பேச்சாயிற்று.

அக்கா கறுப்புத் தோலில் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தம்பி துளை போட்டு முடிப்பதற்குள் ஆமை உலகத்தைச் சுற்றிவிட்டு வந்து குசலம் விசாரிக்கும். ஆனால் மறுநாள் காலையில் அவனுடைய பழுப்புப் பை மேஜைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

அக்காவின் மண்டைக்குள் வண்டு குடைந்தது. பையை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாள். கைத்தையல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கைக் குத்தூசியின் முனை தட்டை. துளையைச் சாய்வாகத்தான் போடும், அதனால் அவன் தையலும் எப்போதும் சாய்ந்தே நிற்கும். இதுவோ விறைப்பாக, நெட்டுக்குத்தாக நின்றது.

ஏன்? பையைக் கவிழ்த்தாள், முகர்ந்தாள், நக்கிப் பார்க்காததுதான் பாக்கி. அப்புறம் தற்செயலாகத் தன் மெஷினைப் பார்த்தாள். நேற்று நூலோடு விட்டுப்போன ஊசி இப்போது நூலின்றி மொட்டையாக இருந்தது. அதன் அடித்தட்டில் துகள். பழுப்புத் துகள்!

அடப்பாவி. நூலில்லாமல் மெஷினை ஓட்டித் துளை போட்டிருக்கிறான். அக்கா வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை.

டாக்டரம்மா வந்தாள். இரண்டு பையின் அழகையும் அவள் சட்டை செய்யவில்லை. கத்தியை எடுத்தாள்.

"எங்க குதிரை ஒரு தையலக் கடிச்சுட்டா என்ன ஆகும்னு பாக்கணும்."

இரண்டு பையிலும் மேல்பக்கம் ஒரு தையலை அறுத்துவிட்டுப் பிடித்து இழுத்தாள். கறுப்புப் பை பக்கத்துத் தையல்களும் தளர்ந்து கொட்டாவி விட்டது. பழுப்புப் பை அசையவே இல்லை.

"இதெப்படி?"

"துளைக்கு ரெண்டு தடவ நூல் போகுதும்மா. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு புடிச்சுக்கும்" என்றான் தம்பி, நெஞ்சு கூரையில் இடிக்க. அறுந்ததை அங்கேயே தைத்துக் கொடுத்தான். டாக்டரம்மா பையோடு போனாள்.

உடனே மேஜையைத் தரதரவென்று ஜன்னலுக்கு இழுத்தான்.

"மெஷின நகத்துக்கா."

"பாதி ஜன்னல எடுத்துக்க. துளை போட்டது என் மெஷின். அதுக்குப் பாதி."

"எ... எந்தத் துளை?"

"உன் தையலுக்கு என்னைக்குடா நிமிந்து நிக்கத் தெரிஞ்சுது?"

தம்பியின் காது சிவந்தது.

"ஜெயிக்கணும்னு செய்யலக்கா. இத்தன வருஷமா காதுகிட்ட கடகடங்குதே, மிதிச்சா எப்படித்தான் இருக்கும்னு..."

"எப்படி இருந்துச்சு?"

"நிறுத்தவே மனசு வரல."

அக்கா மெஷினைப் பாதி தூரம் தள்ளினாள். வெயில் இரண்டு மேஜையிலும் விழுந்தது. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்த ரெண்டாவது ஊசிய எந்த விரல்ல புடிக்கிற? இங்க காட்டு."