கடைசித் தொட்டி

கோதண்டபாணியின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மதிவதனிக்கு வீட்டின் பின்பக்கம் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. ஷெட்டில் தொட்டிகளின் அடைப்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒன்றை அல்ல, மூன்றையும்.

“யாரு தொட்டியத் தெறந்தது?”

“நாந்தான் தெறக்கச் சொன்னேன்” என்றாள் நாத்தனார் செல்வநாயகி. தம்பி விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்றதும் பெண்ணாடத்திலிருந்து முதல் ஆளாக வந்தவள். “சாவு வுழுந்த வூட்டுல நின்ன தண்ணி ஆவாது. கொடம், அண்டா எல்லாம் கொட்டியாச்சு. அத மட்டும் வெச்சிக்கிட்டு என்ன பண்றது?”

சென்னைக்குப் போகும் கொய்யாவையும் சேப்பங்கிழங்கையும் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கழுவிப் பெட்டி கட்டியவர்கள். முதல் தொட்டியில் சேறு போகும். நடுத்தொட்டியில் அலசல். கடைசித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர். பார்க்க அதுதான் தெளிவாக இருக்கும். அதை வெயிலில் கிடக்கவிட்டு, நெடி போனபிறகே திறப்பார்கள். அதுவும் ஒவ்வொரு தொட்டியாக, பின்னால் வெட்டிய குழி தாங்குகிற அளவுக்கு. பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட குழாய்களை வாங்கிவந்து குழிவரைக்கும் பதித்தவர் கோதண்டபாணிதான். மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கினால் குழி வழியும். கிழக்குக் கரை தாழ்வு. அதை ஒட்டி இருப்பது பக்கத்துக் கொல்லை வீராயியின் கிணறு. அவளும் அவள் மாடுகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

ஒரு சொட்டுக்கூட அங்கே வராது என்று வீராயிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் போய் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வருவார். “நான் என்னா சாராயமா காச்சறேன், வாராவாரம் வந்து மோந்து பாக்குற?” என்பாள் வீராயி.

மதிவதனி எழுந்தாள்.

“ஒக்காருடி” என்றாள் செல்வநாயகி. “பொண்டாட்டிக்காரி பொணத்த வுட்டுட்டு எழுந்து போவறதா? நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“பேசட்டும் அண்ணி. கெணத்துல எறங்கிட்டா அப்பறம் அள்ள முடியாது. அவரு குடுத்த வாக்கு. வர்ற வரைக்கும் நீங்க தலமாட்டுல ஒக்காருங்க.”

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் பின்பக்கம் போனாள்.

ஷெட்டில் பெட்டி கட்டக் கூலிக்கு வரும் ராணி, அடைப்புக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சொன்னதைச் செய்தேன் என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மதிவதனி கட்டையை வாங்கிச் சாக்குத்துணி சுற்றினாள். கடைசித் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு அழுத்தி அடைத்தாள். பாதித் தண்ணீர் மிஞ்சியது.

மற்ற இரண்டும் காலியாகிவிட்டிருந்தன. மம்பட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள். கிழக்குக் கரை நனைந்து இளகிக்கொண்டிருந்தது. வழிவதற்கு ஒரு விரற்கடைதான் பாக்கி. அடைமழையில் அவர் வெட்டிவிடும் இடம் அவளுக்குத் தெரியும். மேற்குக் கரையில் அதே இடத்தில் ஓங்கி வெட்டினாள். மண் விட்டுக்கொடுத்தது. கலங்கிய தண்ணீர் தரிசுப் பக்கம் திரும்பி ஓடியது. குழியில் மட்டம் இறங்கி, கிழக்குக் கரையில் ஈரக்கோடு வெளியே தெரியும்வரை மம்பட்டியை ஊன்றி நின்றாள்.

முழங்கால்வரை சேற்றோடு அவள் திரும்பி வந்தாள். செல்வநாயகி நகர்ந்து இடம் விட்டாள்.

குளிப்பாட்டும் நேரத்தில் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இல்லை. மோட்டார் போடப் போனவர்களை நிறுத்திவிட்டு வீராயி இடுப்பில் குடத்தோடு வாசலில் நுழைந்தாள். வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

“நம்ப கெணத்துத் தண்ணி” என்றாள். “ஊத்துங்க.”

முதல் சொம்பை மதிவதனியிடம் கொடுத்தார்கள். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு நெடியும் இல்லை. குனிந்து, அவர் தலையில் மெதுவாக ஊற்றினாள்.