கானிஷாய் பிரித்த கம்பளம்

அந்த ஷிர்தாக் கம்பளத்தை என் ஓரகத்தி கானிஷாய் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து தைத்தாள். ஆட்டு ரோமத்தை அடித்து, வெந்நீர் தெளித்து, கோரைப் பாயில் சுருட்டி மிதித்துத் தடிக்கம்பளியாக்கியது வீட்டிலிருந்த எல்லோரும்தான். ஆனால் சாயம் காய்ச்சியதும், ஆட்டுக் கொம்பு வடிவமாக வளைத்து வெட்டியதும், சிவப்பைப் பழுப்புக்குள் பொருத்தி முறுக்கு நூலால் இழுத்துத் தைத்ததும் அவள். ஓரம் மட்டும் என் தையல். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். அத்பாஷி ஊரில் எங்கள் தெருவில் அதைப் போல இன்னொன்று கிடையாது.

அவள் கணவன் தாலாய் என் கணவனுக்கு அண்ணன். தலைநகர் பிஷ்கெக்கில் வேலை பார்த்த இடத்தில் ஜிபெக் என்ற பெண்ணோடு சேர்ந்துகொண்டான். அவள் மூன்று மாதம் என்று தெரிந்ததும் வீட்டில் பேச்சு மாறியது. கானிஷாய்க்குப் பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. சனிக்கிழமை ஜிபெக்கின் வீட்டார் வருகிறார்கள், அதற்குள் கிளம்பிவிடம்மா என்று மாமனார் செவ்வாய்க்கிழமை கானிஷாயிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை அவள் தம்பி கார் கொண்டுவருவதாக ஏற்பாடு.

அவள் அழவில்லை. "என் கம்பளத்த எடுத்துக்கறேன் மாமா" என்றாள்.

"அது எப்படிம்மா? ரோமம் நம்ம ஆட்டோடது. வர்றவங்கள எதுல உக்கார வைக்கிறது?"

"ரோமம் உங்களுதுதான். தையல் யாருது?"

மாமனார் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை கானிஷாய் சின்னக் கத்தியோடு கம்பளத்தின் நடுவில் உட்கார்ந்து, முதல் தையலை அறுக்காமல் நெம்பி உருவினாள். நூலை விரலில் சுற்றிக்கொண்டே அடுத்ததற்குப் போனாள்.

மாமியார் சூராகான் பால் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். "என்னடி பண்ற?"

"என் நூல எடுத்துக்கறேன் அத்தை. ரோமத்துல ஒரு இழை குறையாது. வேணும்னா எடை போட்டுக்கோங்க."

"பைத்தியமா உனக்கு? உன் மூணு வருஷ வேலைடி."

"யாரோட வேலைன்னு இப்பயாச்சும் சொன்னீங்களே."

மத்தியானம் தாலாய் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றான். "நிறுத்து. இல்லன்னா போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. பொண்டாட்டி அவ தச்சதையே பிரிக்கிறான்னு எழுதிக் குடு. உன் கையெழுத்து நல்லாவே இருக்கும்."

அவனை அவள் 'நீ' என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை போல. வெளியே போய்க் காரைத் துடைத்தான்.

நான் தேநீர் கொண்டுபோனேன். அவள் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. பாதிகூட ஆகவில்லை. வெள்ளிக்குள் முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. அடுப்படிக்குத் திரும்பிய நான், அங்கிருந்த சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து மறு மூலையில் உட்கார்ந்தேன். முதல் தையல் வரவே இல்லை.

"கத்தியச் சாய்ச்சுப் பிடி பெகாயிம்," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. "நீயுமா? நீ இந்த வீட்லதான இருக்கப் போற?"

"ஓரம் நான் தச்சது அத்தை," என்றேன்.

என் கணவன் ஜோல்தோஷ் வாசலில் நின்று பார்த்தான். உள்ளே வந்து, வெளிச்சம் படட்டும் என்று திரைச்சீலையை ஒதுக்கிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமனார் வந்தார். பாதிக்கு மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. "போதும்மா. மிச்சத்தப் பிரிக்காத. எடுத்துட்டுப் போ. தைச்சுக்கலாம்."

கானிஷாய் யோசித்தாள். ஆசை வந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. "செவ்வாக்கிழமை சொல்லியிருந்தா உங்க கையப் பிடிச்சுக் கும்பிட்டிருப்பேன் மாமா. இப்ப வேண்டாம்."

வெள்ளி பத்து மணிக்கு முடித்தோம். சிவப்புத் துண்டுகளைத் தனியாகவும் பழுப்பைத் தனியாகவும் மடித்துச் சுவரோரம் அடுக்கினாள். நூல் இரண்டு உருண்டை, முட்டைக்கோஸ் அளவு. என் பங்கு நூலை என் கையில் கொடுத்தாள். தம்பி வந்ததும் மாமியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். இப்போது நரின் நகரில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வாடகை அறையில் புதுக் கம்பளம் ஒன்று தைக்க ஆரம்பித்திருக்கிறாளாம். போனில் பேசும்போதெல்லாம் பின்னால் யாராவது சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமை விருந்தாளிகளைச் சந்தையில் வாங்கிய மெஷின் கம்பளத்தில்தான் உட்கார வைத்தோம். கூடத்தில் ஆட்டுக்கறி மணத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, ஜிபெக்கைத் தவிர. சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். சுவரோரம் அடுக்கியிருந்த துண்டுகளை என்னிடம் காட்டி, "இது என்னக்கா?" என்றாள்.

மாமியார் என்னை முறைத்தார். நான் ஜிபெக் பக்கத்தில் உட்கார்ந்து, செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நடந்ததைக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு எதிரே இருந்த தன் அம்மாவைப் பார்த்து, "அம்மா, என் தையல் மெஷின அடுத்த வாரம் அனுப்புறேன்னியே, அனுப்பாத," என்றாள். "நம்ம வீட்லயே இருக்கட்டும்."