பெட்டிக்குள் பெய்த மழை

எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. பீரோவில் பாதி உயரம். மொட்டைமாடியில் இருக்கும் சோலார் தகடுகள் பகலெல்லாம் வாங்குகிற வெயில், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கதவில் காதை வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வெயில் தூக்கத்தில் முனகுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெட்டியைச் செய்தது அண்ணன். அடுத்த தெருவில் அவனுடைய பட்டறை இருக்கிறது. எங்கள் பக்கம் கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கி பிஸ்கட் மாதிரி உதிரும். இந்தக் காற்றுக்குத் தாங்குகிற பெட்டி என்று அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்து மாட்டினான். மாட்டிய அன்றே ஒரு சட்டமும் போட்டான்.

"இத யாரும் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது, பெயிண்ட் தொட்டு வைக்கக்கூடாது. மழையும் காத்தும் என்ன பண்ணுமோ பண்ணட்டும். வாங்க வர்றவங்களுக்கு இதுதான் சாட்சி."

"கட்டின பொண்டாட்டிக்குக்கூட இப்படிக் காவல் போட்டதில்ல இந்த மனுஷன்" என்றாள் அண்ணி.

நான் பள்ளிக்கூடம் போவது நின்றதிலிருந்து பகல்கள் எல்லாம் எனக்குத்தான். துணி காயப்போட்டுவிட்டுப் பெட்டிக்கு எதிரே கல்லில் உட்கார்ந்துகொள்வேன். யாராவது வந்தால் உள்ளே போய்விடுவேன். அதனால் அண்ணி எனக்கு வைத்த பெயர் நத்தை.

போன வருஷம் ஒரு குளவி வந்தது. வாயில் ஈர மண் உருண்டையோடு பெட்டியின் அடிப்பக்கம் போகும், வெறும் வாயோடு திரும்பும். குனிந்து பார்த்தேன். அடித்தகட்டில் இரண்டு ஓரத்திலும் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் உண்டு. ஒன்றுக்குள் மண்ணால் அறை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் இன்னொன்றிலும் கட்டியது. பிறகு பழைய கூட்டின் மேலேயே புதிய கூடு. எவ்வளவு பொறுமை அதற்கு. கலைக்க மனம் வரவில்லை. தொடக்கூடாது என்ற சட்டமும் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கதவின் கீழ் விளிம்பில் வெள்ளைப் பூச்சு கொப்புளித்தது. கொப்புளம் உடைந்து பழுப்பு நிறத்தில் ஒரு தீவு வந்தது. தீவிலிருந்து ஓர் ஆறு இறங்கியது. நான் தினமும் அந்த நாட்டுக்குப் போய் வந்தேன். ஆற்றங்கரையில் வீடுகள் வைத்தேன். மழைக்குப் பிறகு நாடு பெரிதாகும். அதுதான் துரு என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது ஒன்று, கண் பார்ப்பது ஒன்று.

இந்த மழைக்காலத்தில் பட்டறையில் வேலை இல்லை. கடலோரத்தில் நாற்பது வீடுகள் கட்டுகிற ஒரு என்ஜினியரம்மா, பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வேலை வந்தால் பட்டறை நிற்கும். வராவிட்டால் தூரத்துக் கப்பல் கட்டும் இடத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போவது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான். அங்கே போனால் வருஷத்துக்கு ஒருமுறைதான் வீடு. அதற்கென்று வாங்கிய பெரிய பை பீரோவின் மேல் இருந்தது. அண்ணி அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

என்ஜினியரம்மா வருவதற்கு முந்தின நாள் காலையில் அண்ணன் பெட்டியைப் பார்க்க வந்தான். பல மாதமாக அவன் அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கவில்லை. குந்தி உட்கார்ந்து என் தீவின் மேல் நகத்தை வைத்தான். கரை உதிர்ந்தது.

"போச்சு" என்றான்.

அண்ணி ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "இவ்வளவுதானே. ரெண்டு இழுப்பு பெயிண்ட் இழுத்துவிடேன். யாருக்குத் தெரியப்போகுது."

"சாட்சிய பல்லு விளக்கி, பவுடர் போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்றியா?"

"நீ கப்பலுக்குப் போறத விட சாட்சி கொஞ்சம் அழகா இருந்தா தப்பில்ல."

"உள்ளேயிருந்து வந்திருக்குடி இது. பூச்சுல கோளாறு. என் வேலையில கோளாறு. நாப்பது வீட்டுல இதையே மாட்டிட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

அண்ணி உள்ளே போனாள். பீரோ மேலிருந்த பையை எடுத்து ஒட்டடை தட்டும் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் கல்லிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். பெட்டிக்குள் மழை பெய்வதுபோல் ஒரு கனவு. உள்ளே குட்டி மேகங்கள், குட்டி இடி. வெளியே நல்ல வெயில். மேகம் கதவைத் தட்டித் தட்டி, வழி எங்கே வழி எங்கே என்று கேட்டது.

மறுநாள் காலை என்ஜினியரம்மா வந்தார். முழங்கால் வரை சேறு தெறித்த பேன்ட், காதோரம் பென்சில். நான் துணிக்கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "உங்கள அலைய வெச்சுட்டேன் மேடம். துரு பிடிச்சிருச்சு. நீங்களே பாருங்க" என்று கதவைத் திறந்தான்.

பெட்டியின் உள்கூரை முழுக்கத் துளிகள். கதவு திறந்த அதிர்வில் சில உதிர்ந்தன. ரப்பர் கால்களின் மேல் பேட்டரி ஈரம்படாமல் நின்றது. அதற்குக் கீழே அடித்தகட்டில், தேநீர் நிறத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர். அதில் வானம் தெரிந்தது.

கனவில் பார்த்த மழைதான். போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கிடந்தது.

"கதவு ரப்பர் லூஸா?" என்று கேட்டார் என்ஜினியரம்மா.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு. எனக்கே புரியல. என்னோட பூச்சு தோத்துப்போச்சுன்னுதான் சொல்லணும்." அண்ணன் கதவைச் சாத்தப் போனான்.

"ஓட்டை அடைச்சிருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

மூன்று பேரும் போர்வையைப் பார்த்தார்கள்.

"நத்தை பேசுது" என்றாள் அண்ணி மெதுவாக.

நான் வெளியே வந்தேன். காது சுட்டது. குனிந்து, தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து அடித்தகட்டின் ஓரத்தில் குத்தினேன். காய்ந்த மண் பொடிப்பொடியாக விழுந்தது. பிறகு தண்ணீர் வந்தது. பழுப்பாக, வெதுவெதுப்பாக, என் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. நின்றபாடில்லை.

"குளவிக் கூடு" என்றேன். "ரெண்டு ஓட்டையிலும். ஒரு வருஷமா எனக்குத் தெரியும்."

அண்ணன் என்னையே பார்த்தான். "அது மூச்சு ஓட்டை. பகல்ல சூடாகி வெளிய விடும், ராத்திரி குளிர்ந்து உள்ள இழுக்கும். அது அடைஞ்சா கதவு இடுக்கு வழியா ஈரக்காத்தையும் மழைத்தண்ணியையும் இழுக்கும். தண்ணி சேர்ந்தாலும் அது வழியாத்தான் போகணும். ஏன் சொல்லல நீ?"

"நீதானே யாரும் தொடக்கூடாதுன்னு சொன்ன."

என்ஜினியரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, துரு எங்கே தொடங்கியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேல் பூச்சு முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக இருந்தது. கீழே, தகட்டை வெட்டிய விளிம்பில் மட்டும்தான் அரிப்பு.

"ஒரு வருஷம் தண்ணியில நின்னு இவ்வளவுதான் அரிச்சிருக்கு" என்றார். "ஆனா ஒரு குளவி வந்து கவுக்குற பெட்டிய நான் வாங்க முடியாது. நாப்பது வீட்டுலயும் இந்தப் பொண்ணு மாதிரி உக்காந்து பாக்க ஆள் இருக்காது."

"பாத்தும் சொல்லாத ஆள்" என்றாள் அண்ணி.

அண்ணன் குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு, "உள்பக்கம் ஸ்டீல் வலை வெச்சு வெல்டு பண்றேன். எறும்பு போகும், குளவி போகாது. வெட்டின விளிம்புக்கு இன்னொரு கோட்டிங்" என்றான்.

"கடலைப் பார்த்த முதல் வரிசை ஆறு வீட்டுக்குச் செய்ங்க. மழை முடிஞ்சதும் நானே வந்து குனிஞ்சு பாப்பேன். சரியா இருந்தா மிச்சமும் உங்களுக்குத்தான்." பென்சிலை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

ஆறு வீடு என்றால் மழைக்காலம் முழுக்க வேலை. அண்ணி அந்தப் பெரிய பையில் பழைய துணிகளை அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காலாலேயே தள்ளினாள்.

சாயங்காலம் அண்ணன் கம்பி பிரஷ்ஷால் என் தீவைத் தேய்த்தான். ஆறு போனது, கரை போனது, நான் வைத்த வீடுகள் போயின. வெறும் இரும்பு பளபளத்தது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

"சட்டத்த மாத்திட்டேன்" என்றான் தேய்த்துக்கொண்டே. "தினமும் நீ தொட்டுப் பாக்கணும். தொட்டுட்டு வாயத் திறந்து சொல்லணும்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரும்பு ஆறத் தொடங்கும் நேரம். புதிதாகத் திறந்த ஓட்டைக்குக் கீழே ஈர உள்ளங்கையைப் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, குழந்தை தூக்கத்தில் இழுப்பது போல, பெட்டி என் கையிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே எடுத்துக்கொண்டது.

"இழுக்குது அண்ணா" என்றேன்.