நர்சம்மாவின் நல்ல பேர்

என் மாமியார் வேலாமணிக்கு எஸ்டேட் மனமகிழ் மன்றத்தில் நினைவஞ்சலிக் கூட்டம் வைத்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு ஞாயிறு. பந்தலூர்ப் பக்கம் அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பத்துநான்கு வருஷம் நர்ஸாக இருந்தவர். தொழிலாளர் லைன் வீடுகளில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டதால் யாரும் எழுந்து போகவும் வழியில்லை.

முன்வரிசையில் என் கணவர் லிங்கசாமியும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஃபிளெக்ஸில் ‘தியாகச் சுடர்’ என்று போட்டிருந்தார்கள். இருக்கட்டும். புருஷன் போன பிறகு மூன்று பிள்ளைகளையும் தனி ஆளாகக் கரைசேர்த்தவர்தான். வயிற்றுப்போக்கு பரவிய வருஷம் பத்து நாள் வீட்டுக்கே வராமல் லைன் லைனாக அலைந்தவர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், கல்யாணமான மகன்கள் சட்டை எடுக்கக்கூட அவரைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். அதை மட்டும் மைக்கில் யாரும் சொல்லமாட்டார்கள்.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு விஷயம் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம். நான் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வயிற்றில் ஆறு மாசம். அடிவயிறு இழுத்துப் பிடித்து வலித்தது. மாசமாக இருக்கிறவளுக்கு நர்ஸ் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் போதும், சரிவில் ஏறாமல் நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்து மண் பை நிரப்பலாம். லைட் வேலைத் துண்டு என்போம். ஆஸ்பத்திரிக்கே போய் அவரிடம் கேட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல கண்ணு. எல்லாருக்கும் வர்ற வலிதான். காட்டுக்குப் போ.”

மூன்றாம் நாள் முதுகில் கொழுந்து மூட்டையோடு சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெண் குழந்தை. பிழைக்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தங்கவில்லை.

அழுது ஓய்ந்தபின் நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். நர்ஸும் மனுஷிதானே, கணிப்புத் தவறிவிட்டது, தெரியாமல் நடந்ததற்கு யார் என்ன செய்வது? இருபத்தாறு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவரோடு ஒரே வீட்டில் சோறு தின்றேன். கடைசி மூன்று வருஷம் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மலமூத்திரம் அள்ளினேன். முகம் சுளிக்காமல் அள்ளினேன்.

கூட்டத்துக்குத் தலைமை ஹெட்கிளார்க் நஞ்சப்பன். அவர் பிலோமியைப் பேசக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக மாமியார் கூடவே இருந்தவள். நல்லவள், சூதுவாது தெரியாதவள்.

“நர்சம்மா நேர்மைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேனுங்க. சொந்த மருமகளே வலின்னு வந்து நின்னுச்சு. அது அந்தப் பக்கம் போனதும் என்னையக் கூப்பிட்டு, ‘பிலோமி, இவளுக்கு வவுறு எறங்கியிருக்கு, சரிவுல ஏறவே கூடாது’ன்னாங்க. துண்டும் எழுதி, கொண்டுபோய்க் குடுன்னு எங்கையில தந்தாங்க. நான் வாசல் தாண்டல, திருப்பி வாங்கிக் கிழிச்சுப்போட்டாங்க. ‘எங்கூட்டு ஆளுக்கு எழுதுனா நாளைக்கு என்னைய எவ மதிப்பா’ன்னாங்க. அப்பேர்ப்பட்ட ஆளுங்க அவுங்க!”

மன்றமே கைதட்டியது. பக்கத்திலிருந்த என் கணவரும் தட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“ஏனுங்க, இது உங்களுக்குத் தெரியுமா?”

“அம்மா அப்பவே சொன்னாங்க. நீ வெசனப்படுவேன்னுதான் உன்கிட்டச் சொல்லல.”

மாமியார் உடம்பைத் துடைத்த இந்தக் கைகளையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. யாரும் கூப்பிடாமலே எழுந்துபோய் பிலோமியிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

“அந்த மருமக நாந்தானுங்க. அந்தத் துண்டு என் கைக்கு வந்திருந்தா எம் பொண்ணுக்கு இன்னைக்கு இருபத்தாறு வயசு. தெரிஞ்சேதான் என்னையக் காட்டுக்கு அனுப்புனாங்க. அவுங்க நல்ல பேருக்கு எம் புள்ளயக் குடுத்துட்டாங்க.”

நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“கேட்டீங்களா? சொந்தப் பேத்தியவே குடுத்திருக்காங்க. இப்படி ஒரு நர்சம்மா இனி நமக்குக் கிடைப்பாங்களா?”

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.