அண்ணனுக்கு முக்காலி, தங்கைக்குப் பிரம்பு

சுங்குவார்சத்திரம் ரைஸ் மில்லில் காலையில் நெல் லாரி வந்து நின்றால், மற்றவர்கள் மூட்டைக்கு முதுகைக் கொடுப்பார்கள். எல்லப்பன் மட்டும் வாசலோரம் முக்காலியில் உட்கார்ந்து சாக்கு தைப்பான். அவனுடைய முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வெயில் ஏறும்வரை நீட்டவும் வராது, மடக்கவும் வராது.

"மூட்ட தூக்கித் தேஞ்ச ஒடம்புடா, உக்காரட்டும்" என்று மேஸ்திரி அப்பாவு சொல்லிவிட்டார். முக்காலி வந்தது, டீ வந்தது. அரசாங்கம் சாராயக் கடையை மறுபடி திறந்திருந்த காலம் அது. சாயங்காலமானால், "கால் நோவுக்குப் போட்டுக்கோண்ணே" என்று யாராவது ஊற்றிக் கொடுத்தார்கள்.

முழங்காலைக் காட்டப் போனபோதே காஞ்சிபுரத்து டாக்டர் அவனிடம் கேட்டிருந்தார். "இது மூட்டோட நிக்கிற வியாதி இல்லப்பா. மனசையும் சேர்த்து வாட்டும். ராத்திரி தூக்கம் வருதா? அழுகை வருதா?"

எல்லப்பன் சிரித்தான். "அயுவறதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் ஸார். நீங்க காலுக்கு மாத்திரைய குடுங்க."

பொய்தான். அந்தப் பொய்யை மாத்திரையோடு மடித்துக்கொண்டு ஊர் திரும்பினான்.

ஒருநாள் தங்கையின் புருஷன் தசரதன் மில்லுக்குச் சைக்கிளில் வந்தான். ஸ்டாண்டு போடாமலேயே பேசினான்.

"மச்சான், வெள்ளிக்கியம உச்சி வேளைக்கு முனீஸ்வரன் கோயிலுக்கு வந்துடு. செங்கமலத்துக்குப் பேய் புடிச்சிகினு கீது."

"இன்னா மாப்ள சொல்ற?"

"காலைல எய்ந்தா வெரல் மடங்கலன்றா. நடவுக்குப் போனா நாத்து கைய வுட்டு வியுது. இன்னான்னு கேட்டா அயுவறா. சோறு துன்றதில்ல. வேலைக்கு டபாய்க்கிறான்னுதான் எங்கம்மா மொதல்ல சொல்லிச்சி. நேத்து கெணத்தாண்ட குந்திகினு உள்ளயே பாத்துகினு இருந்தாளாம். இனிமே பூசாரிதான்றாங்க. அதுக்கும் சரியாவலன்னா உன் வூட்ல கொணாந்து வுட்டுட்டு வேற பொண்ணு பாக்கச் சொல்றாங்க."

கிணறு என்றதும் எல்லப்பன் கையிலிருந்த கோணி ஊசி நின்றுவிட்டது. மில்லுக்குப் பின்னாலும் ஒரு கிணறு இருந்தது. அதன் ஓரத்தில் அவனும் நின்றிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை அவன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உடுக்கை முழங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சேலையோடு, தலைவிரி கோலமாகச் செங்கமலத்தை உட்கார வைத்திருந்தார்கள். மண்ணாங்கட்டி பூசாரி பிரம்பை ஓங்கினார்.

"சொல்லு, யாரு நீ? எந்த மரத்துலேர்ந்து எறங்கின?"

"நான் செங்கமலங்க. கை நோவுதுங்க."

"பாத்தீங்களா, பேய் எப்பிடி டபாய்க்குதுன்னு!" என்றாள் மாமியார் கங்கம்மாள். கூட்டம் ஆமாம் போட்டது. பிரம்பு செங்கமலத்தின் புறங்கையில் விழுந்தது. அந்த விரல் கணுக்களை எல்லப்பன் அப்போதுதான் பார்த்தான். தன் முழங்காலில் இருந்த அதே வீக்கம், அதே மினுமினுப்பு.

காலை இழுத்துக்கொண்டு போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான். வீங்கிய காலை நேராகப் பூசாரி முன்னால் நீட்டினான்.

"அடி பூசாரி. என்னையும் அடி. அதே பேய்தான் எனக்கும் புடிச்சிகினு கீது."

கூட்டம் சிரித்தது. "ஆம்பளைய எந்தப் பேய்டா புடிக்கும்?" என்றாள் கங்கம்மாள்.

"ஏன் அத்த, பேய்க்கு ஆம்பள பொம்பள தெரியுமா?" எல்லப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "காலைல கண்ண முழிச்சா ஏன்டா முழிச்சோம்னு கீது. மில்லு பின்னால போய் அயுதுட்டு, மூஞ்ச கய்வினு வந்து குந்தறேன். கெணத்த நானும்தான் எட்டிப் பாத்தேன். நான் குடிக்கிறது காலுக்குன்னு ஊரே நெனச்சிகினு கீது. காலுக்கு மாத்திர கீது. இதுக்குத்தான் சாராயம்." நெஞ்சில் தட்டிக் காட்டினான்.

சிரிப்பு நின்றது. உடுக்கைக்காரனும் நிறுத்திவிட்டான்.

"ஏண்ணா, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள் செங்கமலம்.

"நீ மட்டும் சொன்னியா?"

"நான் சொன்னேன்ணா. அயுது அயுது சொன்னேன். யாரு காதுல வாங்குனாங்க?"

மண்ணாங்கட்டி பூசாரி பிரம்பைத் துண்டால் துடைத்து அக்குளில் செருகிக்கொண்டார். "என் பிரம்பு பேய்க்குத்தாம்பா. வீக்கத்துக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை தசரதனே இருவரையும் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனான். டாக்டர் செங்கமலத்தின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு எல்லப்பன் பக்கம் திரும்பி, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "தூக்கம் வருதா? அழுகை வருதா?"

"தூக்கம் வரதில்ல ஸார். அயுக வருது" என்றான் எல்லப்பன், தங்கையும் மாப்பிள்ளையும் கேட்கும்படியாகவே.

ஊர் திரும்பும்போது கங்கம்மாள் தெருக்குழாயடியில் நின்றிருந்தாள். "இன்னாவாம் டாக்டரு? நாலு நாள்ல நடவுக்குப் போவாளா?"

தசரதன் வாயைத் திறப்பதற்குள் எல்லப்பன் முந்திக்கொண்டான்.

"அத்த, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அது மூட்டையும் புடிக்கும், மனசையும் புடிக்கும். எனக்கு முக்காலி போட்டீங்க, இவளுக்குப் பிரம்பு எடுத்தீங்க. பொம்பள வாய் வுட்டு அயுதா பேய்ன்றீங்க. ஆம்பள வாய மூடிகினு குடிச்சா கால் நோவுன்றீங்க. ரெண்டும் தப்பு. அவ சொல்றத நாம காது குடுத்துக் கேக்கணும். என்ன மாதிரி ஆளு வெக்கப்படாம வாய தொறக்கணும். மனசு நோவுக்கும் ஆஸ்பத்திரில வைத்தியம் கீது."

கங்கம்மாள் மருமகளின் கையைப் பார்த்தாள். பிரம்புத் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. குனிந்து நிறைகுடத்தைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"தண்ணி நான் எடுத்துக்கிறேன்டி. நீ வூட்டுக்குப் போயி ஒரு வாய் துன்னுட்டு மாத்திரைய போடு" என்றாள். இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள். "ராவுல அயுக வந்தா என்ன எய்ப்பு. தனியா கெணத்தாண்ட போவாத."